38 வயசு, வழுக்கைத் தலை, கோல்கீப்பர்: என்னை மாதிரி ஒருத்தர் லிவர்பூலுக்கு ஆடியிருக்கிறாராமே?

பல்லடத்துக் கீப்பர்

எல்லாருக்கும் வணக்கம். திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் கட்டிங் மாஸ்டர் நான். சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு பல்லடம் வந்து சேர ராத்திரி பத்து ஆகிவிடும். ஆனாலும் ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பள்ளிக்கூட மைதானத்தில் கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றுவிடுவேன். பதினாறு வருசமாக இதுதான். முப்பதைத் தாண்டியதும் முடி கொட்ட ஆரம்பித்தது. இப்போது காதோரம் இரண்டு கொத்து, பிடரியில் கொஞ்சம், அவ்வளவுதான். எட்டு மணி வெயிலுக்கே மண்டை சுடும், அதனால் தொப்பி போடுகிறேன். வெயிலுக்காக மட்டும்தானா என்று கேட்டால், இல்லை, ஒத்துக்கொள்கிறேன்.

விசயத்துக்கு வருகிறேன். இந்த ஆடியில் ஒரு ஆட்டம். ஆடிக்காற்று எங்கள் பக்கம் எப்படி அடிக்கும் என்று இங்கே பாதிப் பேருக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாயில் புகுந்து வருகிற காற்று, கொடியில் காயப்போட்ட வேட்டியைப் பக்கத்து ஊரில் கொண்டுபோய்ப் போடும். கடைசி ஐந்து நிமிசம், ஒன்றுக்கு ஒன்று. கார்னர் வருகிறது. பந்து என் நேரே இறங்குகிறது, இரண்டு கையையும் தூக்கிவிட்டேன். அந்த நேரம் பார்த்துத் தொப்பி கிளம்பியது. என் வலது கை என்னைக் கேட்காமல் தலைக்குப் போய்விட்டது. பந்து இடது கையில் உரசி உள்ளே போனது. தொப்பியும் கூடவே போய் வலையில் மாட்டியது.

இரண்டு நாள் கழித்து டீமின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வரி: "அடுத்த வாரத்திலிருந்து அண்ணன் ரெஸ்ட் எடுக்கட்டும்." கூடவே மூன்று கும்பிடு படம். போன் பண்ணிச் சொல்லியிருக்கலாம். தினமும் ஒரே டீக்கடையில் நிற்கிறவர்கள்தான். சரி, அது போகட்டும்.

இதைக் கேட்டு என் அக்கா மகன் சிரித்துவிட்டு, "மாமா, உங்களை மாதிரியே ஸ்காட்லாந்தில் ஒரு கீப்பர் இருந்தாராம். வழுக்கை. தொப்பியைத் தாடையோடு கட்டிக்கொண்டு ஆடுவாராம். லிவர்பூலில் அவரையும் இப்படித்தான் ஒரு கடிதாசி போட்டு அனுப்பிவிட்டார்களாம்" என்றான். பெயர் டோய்க் என்கிறான். பையன் வாயைத் திறந்தாலே பாதி கதை, அதனால் இங்கே கேட்கிறேன். நிஜமா? எத்தனை வயசு வரைக்கும் ஆடினார்? முக்கியமாக, அந்தத் தொப்பி எப்படி நின்றது?

கோபி வாத்தியார்

தம்பி, உங்கள் அக்கா மகன் சொன்னது சரிதான். அந்தப் பையனைக் கொஞ்சம் மதியுங்கள்.

முப்பத்தோரு வருசம் பி.டி. வாத்தியாராக இருந்தவன் நான். மழைக்கால பீரியடில் பசங்களை வகுப்பறையில் உட்கார வைத்துச் சொல்வதற்கென்று சில ஆட்டக்காரர்கள் கதையைச் சேர்த்து வைத்திருந்தேன், அதில் டோய்க் ஒருத்தர். ஜான் எட்வர்ட் டோய்க், நெட் என்று கூப்பிடுவார்கள். 1866 அக்டோபரில் ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரைப்பக்கம் லெத்தம் என்ற சிற்றூரில் பிறந்தவர். முதலில் ஆர்ப்ரோத் அணி. அங்கே இருக்கும்போதே ஸ்காட்லாந்துக்கு ஆடிவிட்டார். நடுவில் பிளாக்பர்ன் ரோவர்ஸ் அணிக்கு லீகில் ஒரே ஒரு ஆட்டம் ஆடிவிட்டுத் திரும்பி வந்தார்.

1890இல் சண்டர்லேண்ட் அழைத்துக்கொண்டது. அங்கே ஒரு வேடிக்கை. பதிவு செய்தபின் இத்தனை நாள் காத்திருந்துதான் புதுக் கிளப்புக்கு ஆட வேண்டும் என்று விதி. சண்டர்லேண்டுக்குப் பொறுமை இல்லை. வெஸ்ட் பிராம்விச் அணிக்கு எதிராக இறக்கிவிட்டார்கள், 4-0 என்று ஜெயித்தும் விட்டார்கள். லீக் நிர்வாகம் இரண்டு புள்ளியைப் பிடுங்கிக்கொண்டது. நம் பக்கத்து டோர்னமென்டுகளில் அண்ணன் ஆதார் அட்டையைக் காட்டித் தம்பி ஆடுகிற கதையெல்லாம் எனக்குத் தெரியும், அதனால் இதைச் சொல்லும்போதெல்லாம் பசங்களில் நாலு பேர் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

இரண்டு புள்ளி போனாலும் வியாபாரம் லாபம்தான். பதினாலு வருசம் அங்கே நின்றார். நானூறு ஆட்டத்துக்கு மேல். 1892, 1893, 1895 என்று மூன்று லீக் பட்டம், அப்புறம் 1902இல் நாலாவது. முதல் மூன்று பட்டத்துக்கும் சண்டர்லேண்டை நடத்தியவர் டாம் வாட்சன். இந்தப் பெயரை ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் வரும்.

ஸ்காட்லாந்துக்கு மொத்தம் ஐந்து ஆட்டம். இவ்வளவு நல்ல கீப்பருக்கு ஐந்துதானா என்று நினைப்பீர்கள். இங்கிலாந்தில் போய்ச் சம்பளத்துக்கு ஆடுகிறவனை ஸ்காட்லாந்து அப்போது எடுப்பதில்லை, ஊரை விட்டுப் போனவன் என்ற கோபம். 1896இல்தான் அந்தப் பிடிவாதத்தைத் தளர்த்தினார்கள். டோய்க் இறங்கினார், இங்கிலாந்தை 2-1 என்று அடித்தார்கள். 1903இல் கடைசியாக ஆடியபோது முப்பத்தாறு வயசு. அன்றைக்கும் இங்கிலாந்துதான், அன்றைக்கும் 2-1தான்.

வாட்சன் 1896இல் லிவர்பூலுக்குப் போய்விட்டார். 1904இல் லிவர்பூல் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. உடனே பழைய ஆளைக் கூப்பிட்டார். டோய்க் லிவர்பூலுக்கு முதல் ஆட்டம் ஆடியபோது வயசு 37, அடுத்த பிறந்த நாளுக்கு இரண்டு மாசம்கூட இல்லை. அந்த சீசனில் 34 லீக் ஆட்டத்திலும் அவர்தான் நின்றார். மொத்தமே 25 கோல்தான் உள்ளே போனது. லிவர்பூல் முதலிடம் பிடித்து மேலே ஏறியது. தம்பி, உங்கள் வயசில் அவர் ஆரம்பிக்கவே செய்தார்.

தொப்பி பற்றி: வழுக்கை அவருக்குப் பெரிய கூச்சம். போட்டோவில்கூட தொப்பியோடுதான். தாடைக்கு அடியில் ஒரு பட்டை மாட்டித் தொப்பியை இறுக்கிக்கொள்வார். தப்பித்தவறி அது கழன்றுவிட்டால் பந்தை விட்டுவிட்டுத் தொப்பியைத் துரத்துவார் என்று ஒரு கதை உண்டு. நான் அதை நம்பாமல்தான் இருந்தேன், உங்கள் ஆடி மாச விவகாரத்தைப் படிக்கிற வரைக்கும்.

சூலூர் சிங்கம்

தொப்பி வலையில் மாட்டினதுக்கு அரை கோல் சேர்த்துக் கொடுத்தார்களா அண்ணா?

பல்லடத்துக் கீப்பர்

சிங்கம், நீங்க அன்றைக்கு மைதானத்தில் இருந்திருந்தால் உங்களையும் சேர்த்துத்தான் அடித்திருப்பேன்.

வாத்தியாருங்க, ரொம்ப நன்றி. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் இதை ஓவர்லாக் தையல் மிஷினில் வேலை பார்க்கிற அக்காக்களுக்குப் படித்துக் காட்டினேன், எல்லாரும் ஸ்காட்லாந்துக்காரர் பக்கம். அந்தக் கடிதாசி விசயத்தை மட்டும் விட்டுவிட்டீர்களே? டாம் வாட்சன் பின்னால் வருவார் என்றீர்களே?

கோபி வாத்தியார்

சாப்பாடு வந்துவிட்டது, எழுந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

1908 ஏப்ரல் 11ஆம் தேதி லிவர்பூலுக்கு அவருடைய கடைசி ஆட்டம். வயசு 41 வருசம் 165 நாள். அந்தக் கிளப்புக்கு ஆடியவர்களிலேயே வயசில் மூத்தவர் அவர்தான். அந்த சீசன் முடிந்தபின் ஒரு போஸ்ட் கார்டு வந்ததாகச் சொல்வார்கள். உங்கள் சேவை இனித் தேவையில்லை என்று ஒரு வரி. அட்டை என்பதால் தபால்காரர் முதலில் படித்திருப்பார்.

வாட்சன் அப்போதும் லிவர்பூலில்தான் இருந்தார். 1915இல் சாகும் வரைக்கும் அதே பொறுப்பு. மூன்று பட்டம் கூடவே ஜெயித்தவர், 37 வயசில் தானே கூப்பிட்டு வந்தவர். அட்டையை எழுதிய கை யாருடையதாக இருந்தாலும், ஒரு எட்டு நடந்து போய்ச் சொல்லியிருக்கலாம். என் சர்வீஸில் எத்தனையோ பசங்களை டீமிலிருந்து எடுத்திருக்கிறேன். நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டுப் போனதில்லை. கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துத்தான் சொல்வேன். இரண்டு பேர் அழுதிருக்கிறார்கள், ஒருத்தன் என் சைக்கிள் டயரில் முள் குத்திவிட்டான். அது பரவாயில்லை.

பெருந்துறைப் பேக்

எல்லாரும் அட்டையைப் பற்றியே பேசுகிறீர்கள், நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். வாத்தியார் ஒரு சீசனைத் தாண்டிக் குதித்துவிட்டார். 1905இல் மேல் டிவிஷனுக்குப் போனதும் முதல் எட்டு ஆட்டத்தில் டோய்க் 20 கோல் வாங்கினார். எட்டுக்கு இருபது! கீழ் டிவிஷனில் 34 ஆட்டத்துக்கு 25 விட்டவர். செஸ்டர்ஃபீல்டிலிருந்து சாம் ஹார்டி என்ற இளைஞனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள், அந்த வருசமே லிவர்பூல் லீக்கை ஜெயித்தது. ஹார்டி பிறகு இங்கிலாந்தின் பெரிய கீப்பர் ஆனார். டோய்க் அதற்கப்புறம் இரண்டரை வருசம் பெரும்பாலும் ரிசர்வ்தான். லிவர்பூலுக்கு மொத்தமே 53 ஆட்டம். ஆக, எடுத்தது சரி, சொன்ன விதம்தான் தப்பு. பல்லடத்து அண்ணாவும் கொஞ்சம் யோசிக்கணும்: இந்த வருசம் ஆட்டத்துக்கு எத்தனை விட்டீர்கள்?

ஸ்காட்லாந்து கீப்பர் என்றால் என் ஓட்டு சார்லி ஷாவுக்கு. 1913இல் செல்டிக் அணிக்கு வந்தார். முதல் சீசனிலேயே 38 லீக் ஆட்டத்தில் செல்டிக் விட்டது 14 கோல். 1915 நவம்பரிலிருந்து 1917 ஏப்ரல் வரைக்கும் 62 லீக் ஆட்டம் தோற்காமல் போனார்கள். அதில் ஒரு நாள், 1916 ஏப்ரல் 15, ஒரே தேதியில் இரண்டு ஆட்டம். ரெய்த் ரோவர்ஸை 6-0, அப்படியே கிளம்பிப் போய் மதர்வெல்லை 3-1. இப்படிப்பட்ட ஆளுக்கு ஸ்காட்லாந்து முழு சர்வதேச ஆட்டத்தில் ஒரு தடவைகூட இடம் கொடுக்கவில்லை. தேர்ட் லனார்க் அணியின் ஜிம்மி பிரவுன்லி 1909 முதல் 1914 வரை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு 16 ஆட்டம் ஆடினார். அதற்கப்புறம் முதல் உலகப் போர். நல்ல வயசு போருக்குள் போய்விட்டது. ஆறு லீக் பட்டம் ஜெயித்துவிட்டு 1925இல் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார் மனுசன். அட்டை வந்தவர் பரவாயில்லை, ஷாவுக்கு வர வேண்டிய கடிதாசி வரவே இல்லையே!

வால்பாறை மூடுபனி

பேக் தம்பி கணக்கு சரி, ஆனால் அந்த நாளில் கீப்பராக நிற்பது என்றால் என்ன என்று தெரியாமல் கோலை எண்ணக் கூடாது. நான் எஸ்டேட் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இளவட்டமாக இருந்தபோது எஸ்டேட் டீமுக்குக் கீப்பர். எங்களுக்கு வந்தது லேஸ் கட்டின தோல் பந்து. உள்ளே பிளாடர், வாயைக் கட்டி உள்ளே தள்ளி, மேலே செருப்புக்கு மாதிரி லேஸ் கோர்க்க வேண்டும். ஆனி, ஆடி மழையில் அது தண்ணீர் குடித்து ஊறினால் அரிசி மூட்டையிலிருந்து ஒரு பக்காவை எடுத்து முகத்தில் எறிந்த மாதிரி இருக்கும். லேஸ் முடிச்சு விரலிடுக்கில் பட்டால் தோல் உரியும். காலில் அட்டைப்பூச்சி ஏறியது ஆட்டம் முடிந்து காலுறையைக் கழற்றும்போதுதான் தெரியும். டோய்க் காலத்துப் பந்தும் இந்த ஜாதிதான், மழையும் குளிரும் எங்களுக்குக் குறையாது.

விதிகளும் வேறு. கீப்பர் பந்தை அணைத்துப் பிடித்ததும் எதிராளி ஓடி வந்து தோளால் இடித்து, பந்தோடு சேர்த்து உள்ளே தள்ளலாம், அதுவும் கோல்தான். 1912 வரைக்கும் கீப்பர் பெனால்டி ஏரியாவோடு நிற்க வேண்டியதில்லை, தன் பக்கத்துப் பாதி மைதானம் முழுக்கக் கையால் தொடலாம். கையில் வைத்துக்கொண்டு இரண்டு எட்டுக்கு மேல் நடக்கத்தான் கூடாது, தட்டிக்கொண்டே போகலாம். டோய்க்குக்குப் பின் சில வருசத்தில் சண்டர்லேண்டில் நின்ற வேல்ஸ்காரர் ரூஸ் அப்படித்தான் பந்தைத் தட்டிக்கொண்டு நடுக்கோடு வரை போய்விடுவார். 1910இல் பேக் தம்பி சொன்ன அந்த பிரவுன்லியும் மதர்வெல் கீப்பர் ஹாம்ப்டனும் ஒரே ஆட்டத்தில் ஆளுக்கு ஒரு கோல் போட்டார்கள். இரண்டு பேரும் கீப்பர்கள்! இதெல்லாம் பார்த்துத்தான் கையைக் கட்டினார்கள்.

இன்னொன்று: 1909 வரைக்கும் கீப்பருக்குத் தனி நிறச் சட்டை இல்லை. டோய்க்கும் கூட ஆடுகிற பத்துப் பேர் போட்ட அதே சிவப்புச் சட்டையில்தான் நின்றார். பத்துப் பேர் முண்டுகிற கூட்டத்தில் யார் கை, யாருக்குத் தொட உரிமை என்று நடுவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? தலையைப் பார்த்துத்தான். அந்தத் தொப்பி வெறும் வழுக்கைக்கு மூடி இல்லை சாமி.

கீப்பருக்கு ஒரே சாதகம் ஆஃப்சைடு. 1925 வரைக்கும், பந்து அடிக்கப்படும்போது முன்னால் நிற்கிறவனுக்கும் கோல் கோட்டுக்கும் நடுவே கீப்பரையும் சேர்த்து மூன்று எதிராளி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவன் போடுகிற கோல் செல்லாது. இப்போது இரண்டு போதும்.

கம்பமும் ஆபத்து. செல்டிக்கில் ஷாவுக்கு முன்னால் நின்றவர் டேவி ஆடம்ஸ், 1905 முதல் 1910 வரை வரிசையாக ஆறு பட்டம் ஜெயித்த அணியின் கீப்பர். 1906இல் ரேஞ்சர்ஸ் மைதானத்தில் ஒரு நிதி ஆட்டத்தில் ஆணி ஒன்று கையைக் கிழித்துவிட்டது. ரேஞ்சர்ஸ் என்ன செய்தது தெரியுமா? பரம எதிரிக்குத் தன் கீப்பர் டாம் சின்க்ளேரையே கடன் கொடுத்தது. வந்தவர் அடுத்தடுத்து ஆட்டங்களில் ஒரு கோல்கூட விடாமல் காத்தார். எங்கள் பக்கம் ஒரு எஸ்டேட் டீம் இன்னொரு எஸ்டேட்டுக்குப் பந்துக்குக் காற்றடிக்கும் பம்பையே கொடுக்காது.

பல்லடத்துக் கீப்பர்

ஐயா, அந்தச் சட்டை விசயம் எனக்குப் புதுசு. துணி வெட்டுகிறவனுக்கு இது முதலில் தோன்றியிருக்க வேண்டும்.

பேக் தம்பி கேட்டதற்குப் பதில்: இந்த வருசம் பதினோரு ஆட்டம், பத்தொன்பது கோல். தொப்பி கோலையும் சேர்த்து. டோய்க்கின் அந்த எட்டு ஆட்டத்தைவிட நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் புதுப் பையனுக்குப் பத்தொன்பது வயசு, நான் தொடாத பந்தைத் தொடுகிறான். கம்பத்துக்குக் கம்பம் 24 அடி, எனக்கு வருசா வருசம் ஒரு அடி கூடுகிற மாதிரி இருக்கிறது. இதை டீக்கடையில் ஒத்துக்கொள்ள மாட்டேன், இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

இப்போது தொப்பி. வியாழக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் கட்பீஸ் மூட்டையைக் கிளறி, கழுத்துப்பட்டிக்கு வைத்திருந்த கருநீல ரிப் துணியில் ஒரு துண்டு எடுத்தேன். எட்டாக மடித்து ஆறு இதழ் வெட்டினேன், இரண்டு உபரி. எங்கள் ஓவர்லாக் அக்கா இதழ்களை மூட்டிக் கொடுத்தார். முன்னால் நெற்றிக்கு உள்ளே அட்டைப்பெட்டி வைத்தால் வேர்வையில் ஊறிவிடும் என்று, பழைய பிளாஸ்டிக் கவரை மடித்து வைத்துத் தைத்தார். தாடைப் பட்டைக்கு முக்கால் இன்ச் எலாஸ்டிக். முதலில் காது அளவுக்கு வைத்தது தளர்ச்சி. இரண்டு இன்ச் குறைத்தோம், நின்றது. குனிந்தேன், குதித்தேன், கட்டிங் டேபிள் மேல் ஏறி இறங்கினேன், அசையவில்லை. அப்புறம் வழக்கம்போல "கீப்பர்!" என்று கத்திப் பார்த்தேன். "கீ" வந்தது, தாடை அதற்கு மேல் இறங்கவில்லை. அக்கா மிஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

வாத்தியாருங்க, டோய்க் எப்படிக் கத்தினார்?

கோபி வாத்தியார்

அவருக்கு முன்னால் நின்ற பேக்குகள், அதாவது தடுப்பாட்டக்காரர்கள், கத்தாமலே கேட்கிறவர்களாக இருந்திருப்பார்கள். ஒரு இன்ச் தளர்த்துங்கள்.

உங்கள் முதல் கேள்விக்கு ஒரு பாக்கி. எத்தனை வயசு வரைக்கும் என்று கேட்டீர்கள். போஸ்ட் கார்டோடு அவர் நிறுத்தவில்லை. பக்கத்தில் செயின்ட் ஹெலன்ஸ் ஊரில் ரெக்ரியேஷன் என்ற சின்னக் கிளப்புக்குப் போய் நின்றார். நாலு லீக் பட்டம் வாங்கிய மனுசன் அங்கே போய்க் கையுறையில்லாத கையால் மறுபடி பந்தைக் குத்தினார். 1919 நவம்பரில் ஸ்பானிஷ் காய்ச்சலில் போய்விட்டார், வயசு 53.

பல்லடத்துக் கீப்பர்

ஞாயிறு இரவு, சுடச்சுட எழுதுகிறேன். ஒரு சாயப்பட்டறை டீமுக்குக் கீப்பர் இல்லை, அவர்கள் கீப்பருக்குக் கல்யாணம். கூப்பிட்டார்கள், போனேன். பாதிப் பேருக்கு விரலெல்லாம் நீலம், என்னிடம் கைகொடுத்து என் கையும் நீலம். எலாஸ்டிக்கை ஒரு இன்ச் தளர்த்தியிருந்தேன். நன்றாகவே கத்தினேன், ஒருத்தரும் கேட்கவில்லை, எல்லாருக்கும் இரண்டு பேருக்கு வேண்டிய உடம்பு. தோற்றோம், 3-1.

காற்று இன்றைக்கும் அடித்தது. தொப்பி இருந்த இடத்திலேயே இருந்தது. அடுத்த வாரமும் வரச் சொல்லியிருக்கிறார்கள், நேரில்தான் சொன்னார்கள், டீ வாங்கிக் கொடுத்து. முதல் இரண்டு கோல் என் தப்பு. மூன்றாவது கோல் போட்டவனுக்கு முன்னால் நானும் எங்கள் பேக்கும் ஆக இரண்டே பேர்தான் இருந்தோம். டோய்க் காலத்து விதிப்படி அது ஆஃப்சைடு.